ஜீரோ பாயின்ட்டைத் தாண்டி வரும் தண்ணீர்

குழு: ஊத்துக்கோட்டை வீட்டார்

நிலா (சென்னை), காலை 7.10
பெரியப்பா, வணக்கம். பள்ளிக் கட்டுரையில் "கிருஷ்ணா நதி பூண்டி ஏரியில் வந்து கலக்கிறது" என்று எழுதியிருந்தேன். ஆசிரியை அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறார். அந்தத் தண்ணீர் நம் ஊர் வழியாகத்தானே போகிறது? நான் எங்கே தவறினேன்?

பெரியப்பா (ஊத்துக்கோட்டை), காலை 7.42
நதி வருவதில்லை அம்மா, நதியில் சென்னைக்கென்று ஒதுக்கிய பங்குதான் வருகிறது. ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்திலிருந்து போத்திரெட்டிபாடு மதகு வழியாக வெளியேறும் தண்ணீர், வெலுகோடு நீர்த்தேக்கத்தைக் கடந்து, பென்னாற்றின் குறுக்கே உள்ள சோமசீலா அணைக்கு வந்து, அங்கிருந்து கண்டலேறு நீர்த்தேக்கத்தை அடைகிறது. கண்டலேறுவிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடித்தான் கால்வாய் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழையும் இடமான நம் தாமரைக்குப்பம் ஜீரோ பாயின்ட்டைத் தொடுகிறது. பூண்டிக்கு அதற்குப் பிறகும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் இருக்கிறது. கண்டலேறு முதல் பூண்டி வரை எங்கும் மோட்டார் வைத்து ஏற்றுவதில்லை, நிலத்தின் சரிவுதான் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சின்ன வயதில் இதை நான் நம்பவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் என் சின்ன வயதில் இந்தக் கால்வாயே இல்லை.

மாலதி அத்தை (சென்னை), காலை 8.05
பூண்டி ஏரியையே கிருஷ்ணா நீருக்காகக் கட்டியதாகப் பலர் நினைக்கிறார்கள் நிலா, நீயும் அப்படி எழுதிவிடாதே. கொசஸ்தலையாற்றின் குறுக்கே அது 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி 1943-லேயே காலமாகிவிட்டதால் நிறைந்த ஏரியை அவர் பார்க்கவில்லை. அவர் பெயரால்தான் அது இன்று சத்தியமூர்த்தி சாகர். நகரம் பெருகப் பெருக அதுவும் போதாமல் போயிற்று.

கார்த்திக் (சத்தியவேடு, ஆந்திரம்), காலை 8.31
1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தலா 5 டி.எம்.சி. தர ஒப்புக்கொண்டன. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது தமிழ்நாடும் ஆந்திரமும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. மாமா, ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டம் சென்னைக்கு மட்டும் வெட்டிய கால்வாய் இல்லை, ராயலசீமைக்கும் நெல்லூருக்கும் பாசனம் தருவதும் அதன் நோக்கம். எங்கள் பக்கத்து விவசாயி கால்வாய் ஓரத்தில் மோட்டார் வைக்கிறான் என்று சென்னையில் எல்லோரும் குறை சொல்கிறார்கள். வீட்டு வாசலில் தண்ணீர் ஓடும்போது பயிர் காய்வதை எவன் பார்த்துக்கொண்டிருப்பான்?

பெரியப்பா, காலை 8.58
நீ சொல்வதை மறுக்கவில்லை கார்த்திக். ஆனால் மோட்டாரை விடப் பெரிய குடிகாரன் மண்தான். 1996-இல் முதன்முதலாகத் தண்ணீர் வந்தபோது ஊரே கால்வாய்க் கரைக்குத் திரண்டது, நானும் போயிருந்தேன். பிறகு வந்த ஆண்டுகளில் எதிர்பார்த்த அளவு வரவேயில்லை. வழியில் மண் உறிஞ்சியது, கரைகள் சரிந்தன. 2002-இல் புட்டபர்த்தி சத்ய சாயி பாபா கால்வாயைச் சீரமைத்துத் தருவதாக அறிவித்தார். கரைகளைப் பலப்படுத்தி, தண்ணீர் கசியாதபடி கால்வாயின் உட்புறத்தில் லைனிங் போட்ட பிறகு 2004-இலிருந்துதான் வரத்து ஒழுங்காயிற்று. ஆந்திர அரசு அதற்குச் சத்ய சாயி கங்கை என்று பெயரும் சூட்டியது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், லைனிங் போட்டவர்களுக்குத்தான் முதல் மாலை போடவேண்டும்.

மாலதி அத்தை, காலை 9.20
அந்த 2003, 2004 வறட்சியில் தண்ணீர் லாரிக்காக இரவு 2 மணிக்குக் குடங்களை வரிசையில் வைத்தவள் நான், ஆகவே அண்ணன் சொல்வதை வழிமொழிகிறேன். 2019-இல் ஏரிகள் மறுபடியும் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர்.

கார்த்திக், காலை 9.34
கணக்குப் போட்டுப் பார்த்தேன் அத்தை. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். அதை ரயிலில் கொண்டுவர 11,000-க்கும் மேற்பட்ட நடைகள் தேவைப்படும்.

நிலா, காலை 9.50
திருத்தி எழுதிவிட்டேன்: "கிருஷ்ணா நதியில் சென்னைக்கு ஒதுக்கப்பட்ட 15 டி.எம்.சி. தண்ணீர், ஜூலை முதல் அக்டோபர் வரையிலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலும் இரு தவணைகளாக ஊத்துக்கோட்டை எல்லையில் வழங்கப்பட வேண்டும்." இப்போது சரியா பெரியப்பா?

பெரியப்பா, காலை 10.02
தவணைகள் சரி, முதல் தவணை 8 டி.எம்.சி., இரண்டாவது 4. கூட்டிப் பார், 15 வராது. ஆவியாகியும் கசிந்தும் வழியில் 3 போகும் என்று ஒப்பந்தத்திலேயே கழித்துவிட்டார்கள். எல்லையில் என்று எழுதினால் 12 என்று எழுது. அதுவும் பெரும்பாலான ஆண்டுகளில் முழுதாக வந்ததில்லை, ஆகையால் "வழங்கப்பட வேண்டும்" என்று நீ எழுதியதை மட்டும் அப்படியே விட்டுவிடு.