ஆட்டிசமும் மனச்சிதைவும் எதிரெதிர் துருவங்களா?

மருதன்:
என் கட்சி இது: ஆட்டிசமும் மனச்சிதைவும் (ஸ்கிசோஃப்ரினியா) ஒரே தராசின் இரண்டு தட்டுகள். கண்ணும் காதும் கொண்டுவந்து தருவதை மூளை சும்மா வாங்கி வைத்துக்கொள்வதில்லை. அடுத்து என்ன வரும் என்று தானே ஊகித்து, வந்ததோடு ஒத்துப் பார்க்கிறது. ஆட்டிசத்தில் இந்த ஊகம் பலவீனம், அதனால் ஒவ்வொரு சத்தமும் புதுச் சத்தமாகவே வந்து தாக்குகிறது என்று 2012-ல் பெல்லிகானோவும் பர்ரும் எழுதினார்கள். மனச்சிதைவில் இது தலைகீழ். 2017-ல் வெளியான பவர்ஸ், கார்லெட் குழுவின் ஆய்வைப் பாருங்கள். ஒரு படத்தோடு சேர்த்து மெல்லிய ஒலி ஒன்றைக் கேட்கவைத்துப் பழக்கினார்கள். அப்புறம் பல தடவை ஒலி இல்லாமல் படத்தை மட்டும் காட்டினார்கள். காதில் குரல் கேட்கும் அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த இல்லாத ஒலி மற்றவர்களைவிட அதிகத் தடவை கேட்டது. ஊகம் புலனையே விழுங்கிவிட்டது.

இளவேனில்:
மருதன் சார், அதே ஆய்வில் பாதியை விட்டுவிட்டீர்கள். குரல் கேட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு மனநோயே கிடையாது. தங்களுக்கு அமானுஷ்யக் குரல் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு சாதாரணமாக வாழ்கிறவர்கள். அவர்களுக்கும் இல்லாத ஒலி கேட்டது. நோய் இருந்தும் குரல் கேட்காதவர்களுக்கு அந்த அளவுக்குக் கேட்கவில்லை. ஆக, அந்த ஆய்வு குரல் கேட்பதைப் பற்றியது. மனச்சிதைவு முழுவதையும் அதில் ஏற்றக்கூடாது.

முகமூடிச் சோதனையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முகமூடியின் குழிந்த உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினால், நம் கண்ணுக்கு அது புடைத்த முகமாகவே தெரியும். முகம் குழிந்திருக்காது என்று மூளை அடம்பிடிக்கும். மனச்சிதைவு உள்ளவர்களில் பலர் குழியைக் குழியாகவே பார்க்கிறார்கள். உங்கள் கணக்குப்படி அவர்கள்தானே நம்மைவிட அதிகம் ஏமாற வேண்டும்? இன்னொன்று: ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும்போது நடுவே வேறொரு ஒலி குறுக்கிட்டால், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யில் ஓர் அலை எழும். எதிர்பார்த்தது வரவில்லை என்று மூளை காட்டும் அலை அது. ஊகம் பலமென்றால் அது பெரிதாக அல்லவா எழ வேண்டும்? மனச்சிதைவில் அது சிறுத்துப்போகிறது. பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கண்டது இது.

மருதன்:
இதற்கு விடை உண்டு. மூளையில் ஊகம் ஒரே மாடியில் நடப்பதில்லை. கீழ்மட்டத்தில், அதாவது ஒலி, கோடு, நிறம் என்ற அளவில், அது தளர்ந்துபோகிறது. அந்தக் குழப்பத்தைச் சமாளிக்க மேல்மட்டத்தில் நம்பிக்கை இறுகுகிறது. ஸ்டெர்சர் குழு 2018-ல் முன்வைத்தது இதைத்தான். மரபணுவிலும் சாட்சி இருக்கிறது. 16-ஆம் குரோமோசோமில் உள்ள 16பி11.2 என்ற துண்டு ஒன்று குறைந்தால் ஆட்டிசமும் பெரிய தலையும், கூடினால் மனச்சிதைவும் சிறிய தலையும் வரும் வாய்ப்பு ஏறுகிறது.

இளவேனில்:
அந்தத் துண்டு கூடினால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பும் ஏறுகிறதே, அதை ஏன் சொல்லவில்லை? 22கியூ11.2 என்ற இடத்தில் துண்டு போனால் இரண்டுக்குமே வாய்ப்பு கூடும். ஊகம் பலமானாலும் பொருந்துகிறது, பலவீனமானாலும் ‘அது கீழ்மட்டம்’ என்கிறீர்கள். எந்த முடிவு வந்தால் உங்கள் கொள்கை தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள்?

நிலாமகள்:
நான் ஆய்வாளர் இல்லை, ஆட்டிசம் உள்ள பையனின் அம்மா. கல்யாண வீட்டில் கெட்டிமேளம் தொடங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். அதே பையன் முழங்காலில் ரத்தம் வழிய ஓடிக்கொண்டிருப்பான், வலி தெரியாது. 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு இந்த இரண்டையும் அடையாளங்களில் சேர்த்திருக்கிறது. எல்லாமே அதிகமாகத் தாக்கும் என்ற கணக்கில் அந்த முழங்காலை எங்கே வைப்பீர்கள்? உணர்ச்சி விஷயமும் அப்படித்தான். என் முகத்தை அவன் பார்ப்பதே இல்லை. ஆனால் நான் பாத்திரத்தைச் சிங்க்கில் வைக்கும் சத்தத்திலேயே எனக்குக் கோபம் என்று கண்டுபிடித்து, அடுத்த அறைக்குப் போய்விடுவான். உணர்ச்சி புரியாதவன் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இளவேனில்:
நீங்கள் ஆத்திரப்படுவதில் நியாயம் இருக்கிறது. தன் உணர்ச்சிக்கே பெயர் வைக்க முடியாத நிலை என்று ஒன்று தனியாக உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருக்கிறது. முகம் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் சிரமம் அதிலிருந்துதான் வருகிறது, ஆட்டிசத்திலிருந்தே அல்ல என்பது பேர்டும் குக்கும் 2013-ல் வைத்த வாதம்.

கடலோரன்:
இளவேனில் அக்கா, என் அனுபவம் மருதன் அண்ணா பக்கம்தான் சாய்கிறது. என் அண்ணனுக்கு மனச்சிதைவு. நோய் தொடங்கிய காலத்தில் மின்விசிறி ஓடினால் அந்தச் சத்தத்துக்குள் பேச்சு கேட்கும் என்பார். டிவியில் செய்தி வாசிப்பவர் தாளைத் திருப்பினால், அது தனக்கான சைகை. டீக்கடையில் சும்மா நிற்கிறவர் முகத்திலும் ஏளனம் தெரியும். ஒன்றுமில்லாத விஷயத்துக்கும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் ‘இது முக்கியம்’ என்று முத்திரை குத்திவிடுகிறது என்று 2003-ல் கபூர் எழுதியதைப் படித்தபோது, எங்கள் வீட்டைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. மருந்து எடுத்த பிறகும் குரல் முழுசாக நிற்கவில்லை. ஆனால் அதைக் கண்டுகொள்ளாமல் சாப்பிட முடிகிறது, தூங்க முடிகிறது.

மருதன்:
தம்பி சொல்வதுதான் நான் சொன்ன மேல்மட்டம். அங்கே அர்த்தம் அளவுக்கு மீறி ஏறுகிறது. ஆட்டிசத்தில் அப்படி ஏறுவதில்லை.

இளவேனில்:
அப்படியென்றால் பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்கெடுக்கும் மூளைப் பகுதியான அமிக்டலாவிலாவது அந்த எதிரெதிர்த் தன்மை தெரிய வேண்டும். 2008-ல் பிங்க்ஹம் குழு, முகத்தைப் பார்த்து ‘இவரை நம்பலாமா’ என்று முடிவு செய்யச் சொன்னது. ஆட்டிசம் உள்ளவர்களிடமும், சந்தேக எண்ணம் மிகுந்த மனச்சிதைவு உள்ளவர்களிடமும் அமிக்டலாவின் இயக்கம் குறைவு. சந்தேக எண்ணம் இல்லாத மனச்சிதைவுக்காரர்கள் தனியாகப் பிரிந்து நின்றார்கள். இரண்டு துருவங்கள் என்றால் இந்தக் கூட்டணி எப்படி வந்தது? கேட்ட கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை சார்.

மருதன்:
சொல்கிறேன். படமும் ஒலியும் வைத்த அதே சோதனையை, அதே கருவியில், ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் குரல் கேட்கும் மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் சேர்த்து வைக்கட்டும். இல்லாத ஒலி இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்டால் என் கட்சி தோற்றது. பிங்க்ஹம் ஆய்வில் அளந்தது முகத்தை நம்பும் வேலையை, ஊகத்தின் பலத்தை அல்ல. அதை வைத்து நான் பின்வாங்க மாட்டேன்.

நிலாமகள்:
அந்தச் சோதனையில் ஆட்டிசம், மனச்சிதைவு இரண்டும் உள்ளவர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தராசில் அவர்களுக்கு எந்தத் தட்டு?