குதிரையின் கண்ணில் எலிக் காய்ச்சல்: உறுப்பினர் அனுபவங்கள்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

பந்தய வண்டிக்காக நான் வளர்க்கும் பெட்டைக் குதிரைக்குக் கண் கெட்டது எப்படி என்பதை, இதே தவற்றை வேறொருவர் செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து, எங்கள் கொட்டிலுக்குள் நான்கு நாள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பத்து நாள் கழித்துக் குதிரை கொள்ளுத் தீவனத்தைத் தொடாமல், உடம்பு சுட, சோர்ந்து நின்றது. இரண்டே நாளில் தானாகத் தேறிவிட்டதால் நானும் அதை மறந்துவிட்டேன்.

சித்திரையில் ஒருநாள் காலை இடது கண்ணைத் திறக்க முடியாமல், கன்னம் நனையக் கண்ணீர் வடித்து, வெயில் படாமல் தலையைத் திருப்பிக்கொண்டது. வைக்கோல் குத்தியிருக்கும் என்று எண்ணி, வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்தை மூன்று நாள் விட்டேன். அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

நான்காம் நாள் வந்த கால்நடை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தபோது, கருவிழி நீலம் பாய்ந்து மங்கியிருந்தது. கொட்டிலின் இருட்டிலும் பாவை சுருங்கியே கிடந்தது. கருவிழிக்குப் பின்னால், அடியில், மஞ்சளாக ஒரு படிவு தெரிந்தது. சாயம் விட்டுக் கருவிழியில் புண் இல்லை என்று உறுதி செய்த பிறகே ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடங்கினார், ஏனெனில் புண்ணுள்ள கண்ணில் அதை விட்டால் கண்ணே போய்விடக்கூடும். பாவை விரிந்து லென்ஸோடு ஒட்டாமலிருக்க அட்ரோபினும், வலிக்கும் அழற்சிக்கும் ஊசியும் கொடுத்தார். பிறகு, எலிக் காய்ச்சலாக (எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் லெப்டோஸ்பைரா கிருமியின் நோய்) இருக்குமோ என்று சந்தேகித்து, மழைக்காலத்தில் கொட்டிலில் தண்ணீர் கட்டியதா என்று கேட்டார்.

மூன்று வார இடைவெளியில் இருமுறை இரத்தம் எடுத்து அனுப்பினோம். அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருந்தது, ஆனால் இரண்டு முறையும் ஒரே அளவு. அப்படியானால் இந்த நோய் இல்லை என்றுதானே பொருள் என்று நான் கேட்டதற்கு, கண் நோயில் இரத்தத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது என்றார்.

மேலூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் குதிரைக்குக் கண்ணில் ஒன்றுமில்லை; காய்ச்சல்கூட நான் பார்த்த வரையில் இல்லை. ஒன்பதாம் மாதத்தில் குட்டியைச் செத்ததாகப் போட்டது, அவ்வளவுதான். நஞ்சுக்கொடியையும் குட்டியின் சிறுநீரகத்தையும் ஆய்வுக்குக் கொடுத்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும் என்பதை, எல்லாவற்றையும் வெறுங்கையால் அள்ளிப் புதைத்த பிறகுதான் அறிந்தேன்.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்:

மேலூர் நண்பருக்கு முதலில் சொல்ல வேண்டியது: கருச்சிதைவில் வெளிவரும் நீரிலும் இரத்தத்திலும் கிருமி இருக்கலாம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கருச்சிதைவான குதிரையின் சிறுநீரிலும் அது பல வாரங்கள் வெளியேறக்கூடும் என்பதால் குதிரையைத் தனியே கட்டுங்கள். கருச்சிதைவு நேரும் சமயத்தில் தாயின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பெரும்பாலும் மிக உயர்ந்திருக்கும்.

உசிலம்பட்டி நண்பரின் மருத்துவர் சொன்னது சரியே. புதிய நோயில் இரண்டாவது மாதிரியின் அளவு முதலாவதைப் போல நான்கு மடங்காவது உயர வேண்டும். ஒரே ஒரு மாதிரி, கிருமி எப்போதோ உடம்பில் நுழைந்ததை மட்டுமே காட்டும், பெரும்பாலான குதிரைகளுக்கு அது நுழைந்த சுவடே தெரிவதில்லை. கண்ணழற்சியோ தொற்றுக்கு மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து வருவது. அதற்குள் இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு தணிந்திருக்கலாம். கண்ணுக்குள்ளிருந்து எடுத்த நீரில் இரத்தத்தைவிட எதிர்ப்பொருள் மிகுந்திருந்தாலோ, பிசிஆர் சோதனையில் கிருமியின் மரபணு தெரிந்தாலோதான் சந்தேகம் தீரும்.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1993 இறுதியில் வந்த வெள்ளத்துக்குப் பின், 1994இல் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இதே போன்ற கண் உள்ளழற்சியோடு மனிதர்கள் திரளாக வந்தார்கள். அவர்களில் 73 பேரை ஆராய்ந்து, லெப்டோஸ்பைராவே காரணம் என்று 1997இல் அங்குள்ள மருத்துவர்கள் வெளியிட்டார்கள். குதிரைகளில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த நோய் நம் ஊர் மனிதர்களின் கண்ணிலும் அப்படித் தெரிந்தது. வெள்ளத்துக்கு அடுத்த கோடையிலும் குதிரையின் கண்ணைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உசிலம்பட்டி உறுப்பினர் மீண்டும்:

நன்றி ஐயா. கண் நீரையும் எடுத்து அனுப்பினோம். பிசிஆரில் கிருமி தெரிந்தது. அழற்சி இருமுறை திரும்பி வந்து இடது கண்ணின் பார்வை போய்விட்டது. கொட்டிலின் தரையை ஒன்றரை அடி உயர்த்தி, கொள்ளுத் தீவனத்தை மூடியுள்ள தகர டிரம்முக்கு மாற்றியிருக்கிறேன். வலது கண்ணை நாள்தோறும் மாலையில் விளக்கடித்துப் பார்க்கிறேன். இதுவரை தெளிவாக இருக்கிறது.