போர்வெல் மோட்டாரை மேலே எடுத்தாச்சு, நாமளே பிரிச்சுப் பார்க்கலாமா?

பல்லடம் தோட்டம்:
வணக்கமுங்க. ஆறரை இஞ்ச் போர், 480 அடியில மோட்டார். 5 எச்.பி., மூணு பேஸ், 15 ஸ்டேஜ் (தண்ணியைத் தள்ளற சக்கர அடுக்கு), உள்ளே தண்ணி நிரப்பற மாடல். கோடையில கொஞ்ச நாள் மணல் வந்துச்சு, அப்புறம் தண்ணி குறைஞ்சுட்டே போச்சு. வழக்கமா 9 ஆம்பியர் எடுக்கும். இப்ப 12 தொட்டதும் ஓவர்லோடு ரிலே விழுந்து கரண்ட் நின்னுருது. வண்டி வச்சு மேல எடுத்துப் போட்டாச்சு. எடுத்துக் குடுத்தவர் மூடியைக்கூடக் கழட்டாம "வைண்டிங் (உள்ள இருக்கற கம்பிச் சுருள்) போயிருக்கும், கடைக்கு அனுப்புங்க"ங்கறார். எனக்கு நம்பிக்கை வரலை. ஸ்பேனர் செட், மல்டிமீட்டர் இருக்கு. எதுல ஆரம்பிக்கறது?

சோளக்காடு:
எதைக் கழட்டினாலும் போன்ல படம் எடுத்துட்டே போங்க. ஒவ்வொரு பவுல் (அந்தச் சக்கரம் உட்கார்ற கிண்ணம்) மேலயும் பெயிண்ட்ல நம்பர். எங்கூட்டுப் பையன் நம்பர் போடாம பிரிச்சுட்டு ஷாஃப்ட் மேல போடற ஸ்லீவ் ரெண்டை மாத்திப் போட்டான், ஷாஃப்ட் சுத்தவே இல்லை.

காங்கயம் ஃபிட்டர்:
தம்பி, வைண்டிங் போன மோட்டார் பெரும்பாலும் ஃபியூஸை அடிக்கும், இல்லைன்னா பாடியில கரண்ட் காட்டும். 12 ஆம்பியர்ல ஓடித் தண்ணியும் குடுத்துச்சுன்னா எனக்கு முதல் சந்தேகம் எங்கியோ உரசுதுங்கறதுதான். அதனால பிரிக்கறதுக்கு முந்தி எந்தப் பாதியில கோளாறுன்னு பாருங்க.

பம்ப்பைப் படுக்க வச்சு, ரெண்டு பக்கமும் மரக்கட்டை குடுங்க. கேபிள் கார்டையும் சல்லடையையும் எடுத்துட்டு, பம்ப்பையும் மோட்டாரையும் சேர்க்கிற நட்டுகளைக் கழட்டினா ரெண்டும் தனியா வந்துரும். இழுக்கும்போது நேரா இழுங்க, சாய்ச்சு நெம்பினா ஷாஃப்ட் வளைஞ்சுரும். இப்ப ரெண்டையும் தனித்தனியா கையில சுத்துங்க. மோட்டார் ஒரே சீரா, லேசான இறுக்கத்தோட சுத்தணும். கரகரன்னு வந்தாலோ ஒரு இடத்துல பிடிச்சாலோ கோளாறு அந்தப் பக்கம்.

அடுத்தது மோட்டார் ஷாஃப்டோட உயரம். இதை யாரும் அளக்கறதே இல்லை, எனக்கு அதுதான் எரிச்சல். மோட்டாரை நிக்க வச்சு, பம்ப் உட்கார்ற முகத்துலிருந்து ஷாஃப்ட் நுனி வரைக்கும் வெர்னியர்ல பாருங்க. நேமா (அமெரிக்கத் தரநிலை) அளவு 6 இஞ்ச் மோட்டார்னா 73 மி.மீ. பக்கம் வரணும், 4 இஞ்ச்னா 38. வேற அளவுன்னா கம்பெனி புக்லெட்ல இருக்கும். அதைவிட இறங்கியிருந்தா அடியில இருக்கற திரஸ்ட் பேரிங் (ஷாஃப்டோட பாரத்தைத் தாங்கற கார்பன் பேரிங்) தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். மேல இருக்கற தண்ணியோட அழுத்தம் பூரா இம்பெல்லர்ங்கற சக்கரம் வழியா கீழ இறங்கி அந்தக் கார்பன் மேலதான் உட்காருது. கார்பன் தேய ஷாஃப்ட் இறங்கும், கூடவே இம்பெல்லரும் இறங்கி பவுல்ல உரசும். ஆம்பியர் ஏறறது அதனாலதான்.

மோட்டார் மேல் பிளக்கைத் திறந்து உள்ளத் தண்ணியை வெள்ளைத் துணியில ஊத்திப் பாருங்க. கருப்பா வண்டல் இருந்தா கார்பன் பொடி. செந்நிறம்னா துரு, கொஞ்சம் இருந்தா பயமில்லை. மணல் இருந்தா மேல் ஆயில் சீலும் மணலைத் தடுக்கற சாண்ட் கார்டும் போச்சு.

மல்டிமீட்டர்ல வைண்டிங்கை முடிவு பண்ணாதீங்க. 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கற மீட்டர்) வேணும். மோட்டாரையும் கேபிளையும் ஜாயின்ட்ல பிரிச்சு தனித்தனியாப் பாருங்க, பல தடவை கசியறது ஜாயின்ட்தான். ஒரு மெகா ஓமுக்குக் கீழ வந்தா நான் இறக்க மாட்டேன்.

பல்லடம் தோட்டம்:
அண்ணா, அப்படியே செஞ்சேன். மோட்டார் கரகரங்குது, தண்ணி கருப்பு. ஷாஃப்ட் 3 மி.மீ. இறங்கியிருக்கு. மெக்கர் பக்கத்துத் தோட்டத்துல வாங்கினேன்: கேபிள், மோட்டார் ரெண்டுமே நல்லா இருக்கு! பம்ப்பையும் பிரிச்சாச்சு. இம்பெல்லர் அடிப்பக்கம் வட்டமா உரசின தடம். கீழ் ரெண்டு ஸ்டேஜ்ல நெக் ரிங் (இம்பெல்லர் வாயைச் சுத்தி இருக்கற வளையம்) ரொம்ப ஆடுது. மேல இருக்கற நாலு இம்பெல்லர் ஷாஃப்ட்ல பிடிச்சுக்கிட்டு வர மாட்டேங்குது.

காங்கயம் ஃபிட்டர்:
அப்ப வைண்டிங் காசு மிச்சம். பிடிச்ச இம்பெல்லருக்கு டீசல் ஊத்தி ராத்திரி விட்டுருங்க, காலையில மரச் சுத்தியல்ல சுத்திச் சுத்தித் தட்டுங்க. இரும்புச் சுத்தியல் வேணாம், விளிம்பு உடைஞ்சுரும். உப்புப் படிஞ்சிருந்தா சிட்ரிக் ஆசிட் கரைச்சு ஊறப் போடுங்க. பாத்ரூம் ஆசிட் ஊத்தினா ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டும் சேர்ந்து அரிச்சுரும்.

நெக் ரிங் ஆடற ஸ்டேஜ்ல மேல ஏறுன தண்ணி திரும்பக் கீழயே போயிரும், அதனால ரிங்கை மாத்துங்க. ஷாஃப்ட் சுத்தற புஷ் ஓட்டை முட்டை வடிவமா இருந்தா அதையும். மோட்டார் அடி மூடியைக் கழட்டினா ரப்பர் டயாஃப்ரம், அதுக்கு மேல திரஸ்ட். கார்பனும் அது மேல உரசற ஸ்டீல் செக்மென்டும் சேர்த்தே மாத்தணும். பழைய செக்மென்ட்ல கோடு விழுந்திருக்கும், புதுக் கார்பனை சீக்கிரமே தின்னுரும். ஷாஃப்ட் உயரம் சரி பண்றது உங்களுக்குப் பழக்கமில்லைன்னா அந்த ஒரு வேலையை மட்டும் கடையில குடுங்க.

சோளக்காடு:
சேர்த்ததும் மேலயே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமாண்ணா?

காங்கயம் ஃபிட்டர்:
காஞ்ச பம்ப்பை ஒரு நொடிகூட ஓட்டாதீங்க, புஷ்ஷுக்கு எண்ணெய் அந்தத் தண்ணிதான். மோட்டார்ல ரெண்டு பிளக்கையும் திறந்து சுத்தமான தண்ணி ஊத்தி, ஷாஃப்டைக் கையில சுத்திச் சுத்திக் காத்துக் குமிழி நிக்கற வரைக்கும் நிரப்புங்க. அரை மணி கழிச்சுப் பார்த்தா மறுபடி குறைஞ்சிருக்கும், திரும்ப ஊத்துங்க. இறக்கினதுக்கு அப்புறம் தண்ணி கம்மியா வந்தா பேனல்ல ரெண்டு பேஸை மாத்திப் பாருங்க, தலைகீழாச் சுத்தினாலும் கொஞ்சம் தண்ணி வரத்தான் செய்யும்.

பல்லடம் தம்பி, போரோட மொத்த ஆழம் எவ்வளவு? மணல் வந்திருக்கறதால அதே 480-ல இறக்கறதா, கொஞ்சம் மேல தூக்கறதா, முதல்ல கம்ப்ரசர் போட்டு மணலை வெளியே ஃப்ளஷ் பண்றதான்னு பார்க்கணும்.