சேலத்திலிருந்து புதுச்சேரி, இரண்டு நாள் போதுமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
அம்மாவோடு நாலு பேர், காரில் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகப் போகிறோம். அம்மாவுக்கு முட்டிவலி, ரொம்ப நடக்க முடியாது. பிரெஞ்சுக்காரர் தெருக்களை எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

சூரமங்கலம் மணி:
தாராளமாகப் போதும். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், அதனால் அம்மாவைக் காந்தி சிலை பக்கம் காற்று வாங்க உட்கார வைத்துவிட்டு நீங்கள் தூமா வீதிப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். மஞ்சள் சுவர், மேலே வழிகிற காகிதப்பூ, பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய தெருப்பலகை. எனக்கென்னவோ கால்வாய்க்கு மேற்கே இருக்கிற தமிழர் தெருக்கள்தான் அழகு. திண்ணை, தாழ்வாரம் வைத்த வீடுகள், கூட்டமும் கம்மி.

ஏற்காட்டு மிளகு:
ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீட்டை விட்டுவிடாதீர்கள், 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில்தான் இருந்தார். மூன்றாவது நாள் கிடைத்தால் கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி போய்விடலாம். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை கடலை ஒட்டியே நிற்கிறது. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். மே மாதம் மட்டும் வேண்டாம், ஏற்காட்டில் வளர்ந்த உடம்பு, நான் உப்புக்கண்டமாகித் திரும்பினேன்.

அஸ்தம்பட்டிக்காரன்:
சரி, அப்போ ஜனவரி. அம்மா இப்போதே தரங்கம்பாடி என்று அடம்பிடிக்கிறார்கள்.