அப்பாவின் நோய்க்கு நானே காரணம் என்ற எண்ணம் விலகவில்லை

கேள்வி (கோத்தகிரி): 2020 ஊரடங்கில் சுற்றுலா வண்டி ஓட்டம் நின்றுபோனதால் மேட்டுப்பாளையத்திற்குக் காய்கறி ஏற்றிச் சென்றுவந்தேன். மறுவருடம் அப்பாவுக்கு வந்த கொரோனா என் மூலமாகவே தொற்றியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் நள்ளிரவில் என்னை எழுப்பிவிடுகிறது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனாலும் தோட்டத்து மேட்டில் பாதியில் நின்று, வேலிக்கம்பைப் பிடித்தபடி அவர் மூச்சு வாங்குவதைப் பார்க்கையில் நெஞ்சு அடைக்கிறது. ஆண்பிள்ளை கலங்கலாமா என்று எவரிடமும் சொல்லவில்லை.

பதில் (குன்னூர்): தம்பி, தன்மீதான பரிவு என்பதை அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் மூன்று கூறுகளாக விளக்கினார்: தன்னிடம் கனிவு, துன்பம் மனிதர் எல்லாருக்கும் பொது என்ற உணர்வு, வலியை மறைக்காமலும் பெரிதாக்காமலும் கவனித்தல். உங்கள் நண்பர் இதே நிலையில் வந்து நின்றால், "நீதான் காரணம்" என்பீர்களா? அவரிடம் சொல்லக்கூடியதைத் தாளில் எழுதி, உங்களுக்கே வாசித்துக்கொள்ளுங்கள். இது பொறுப்பிலிருந்து நழுவுவது அன்று.

பதில் (கொடைக்கானல்): எனக்கு எழுதுவது கைகொடுக்கவில்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசினேன். உறக்கம் தொடர்ந்து கெட்டால் மருத்துவரையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: நேற்று அப்பாவிடமே சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வண்டி எடுக்காமல் இருந்திருந்தால் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்?" என்று கேட்டார்.