கிரிட்டிக்கல் டெப்த்: தொகையீட்டாழம் எனலாமா?

அன்புடையீர்,

வட அட்லாண்டிக்கில் ஆண்டுதோறும் இளவேனிலில் நிகழும் நுண்பாசிப் பெருக்கத்தைக் கணிக்கும் சமன்பாடுகளில் வருகிற ‘கிரிட்டிக்கல் டெப்த்’ என்பதற்கு ‘மாறுநிலை ஆழம்’ முன்மொழியப்பட்டுள்ளது. மாறுநிலைக் கோணம், மாறுநிலை வெப்பநிலை எனப் பாடநூல்களில் பழகிய சொல்தான். ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. வாய்க்கால் நீர் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் தன் ஓட்டத்தின் இயல்பையே மாற்றிக்கொள்வதால் நீரியலில் அச்சொல் பொருந்தும். கடலிலோ அந்த ஆழத்தில் நீரும் மாறுவதில்லை, பாசியும் மாறுவதில்லை. இலங்கை வழக்கிலுள்ள ‘அவதி’ எல்லை என்னும் பொருளில் சரியானதே. ஆனால் தமிழ்நாட்டுக் காதில் அது துன்பமாக விழும்.

இதை முன்வைத்து நார்வேக் கடலியலாளர் ஸ்வெர்ட்ரப் 1953-இல் எழுதிய கட்டுரையில் இரண்டு ஆழங்கள் வருகின்றன. ஒன்று, பாசியின் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் அந்த இடத்தில் சமமாகும் ஆழம். மற்றொன்று, மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கிக் கூட்டிக்கொண்டே போனால் மொத்த ஒளிச்சேர்க்கையும் மொத்தச் சுவாசமும் சமமாகும் ஆழம்; இதுவே கிரிட்டிக்கல் டெப்த். அன்றாட வரவுசெலவு நேராவது வேறு, ஆண்டுக் கணக்கு நேராவது வேறு அல்லவா? சுவாசத்தை ஈடுகட்டப் போதுமான ஒளியைப்போல் 10 மடங்கு மேற்பரப்பில் விழுகிறது, அது மங்கும் கெழு மீட்டருக்கு 0.1, ஒளிச்சேர்க்கை ஒளிக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று கொண்டால், முதலாவது ஏறத்தாழ 23 மீட்டரிலும் இரண்டாவது 100 மீட்டரிலும் அமையும். காற்றால் கலக்கப்படும் நீரின் மேலடுக்கு, அதாவது கலப்படுக்கு, இந்த 100 மீட்டரைவிட மெலிந்த பிறகே பாசி பெருகும் என்பது அவர் வாதம்.

ஆகவே முதலாவதை ‘ஈட்டாழம்’ என்றும் இரண்டாவதைத் ‘தொகையீட்டாழம்’ என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. நுண்கணிதத்தில் தொகையீடு ‘இன்டெக்ரல்’ என்னும் தொடர்கூட்டலைக் குறிப்பதால் மயக்கம் வரும் என்று மறுப்பு எழலாம். தொகை ஈடாகும் ஆழம் என்று பிரித்தாலும், தொகையீட்டுக்குரிய ஆழம் என்று பிரித்தாலும் பொருள் ஒன்றே. ஏனெனில் அதுவே அத்தொகையீட்டின் மேல் எல்லை, கடலில் அது கீழே கிடந்தாலும்.

‘பெருக்கத் தொடக்க ஆழம்’ என்பது எளிய சொல்லாயினும் ஏற்பதற்கில்லை. கலப்படுக்கு ஆழ்ந்திருக்கும் குளிர்காலத்திலேயே, பாசியை மேயும் நுண்விலங்குகள் நீர்த்துப் பரவிப்போவதால் பெருக்கம் தொடங்கிவிடுகிறது என்று செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு கடலியலாளர் பெரன்ஃபெல்ட் 2010-இல் வாதிட்டார். அவர் கூற்று நிலைத்தால் அந்தப் பெயரே பிழையாகிவிடும். தொகையீட்டாழம் கணக்கை மட்டுமே சொல்வதால் எப்பக்கமும் சாயாது.