தேய்ந்துபோன ஒரு சதம்: போனில் எடுத்தால் வருடம் தெரியவில்லை, என்ன செய்யலாம்?

லயத்துப் பிள்ளை, தலவாக்கலை

அப்பாயியின் வெற்றிலைப் பெட்டிக்குள் கொஞ்சம் பழைய காசு கிடைத்தது. ஒன்று விக்டோரியா ராணி தலை போட்ட செம்பு ஒரு சதம், மறுபக்கம் தென்னை மரம். வருடத்தில் 18 மட்டும் தெரிகிறது, மற்ற இரண்டு எழுத்தும் தேய்ந்துவிட்டன. இன்னொன்று 1944 இரண்டு சதம், விளிம்பு வளைந்து வளைந்து இருக்குமே, அது. கண்டியில் காசு சேர்க்கிற மாமா, "தெளிவாக எடுத்து அனுப்பு, வருடத்தைச் சொல்கிறேன்" என்றார். இதுவரை நாற்பது படமாவது அனுப்பியிருப்பேன். மனிதர் இப்போது பதில் போடுவதே இல்லை.

மேக்ரோவில் வைத்துக் கிட்டக் கொண்டுபோனால் போனின் நிழல் காசில் விழுகிறது. பிளாஷ் போட்டால் இரண்டு சதத்தில் ராஜாவின் முகமே வெள்ளையாகிவிடுகிறது. ராத்திரி பல்ப் வெளிச்சத்தில் எடுத்தால் செம்பு ஆரஞ்சுப் பழம் மாதிரி வருகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

மஸ்கெலியா வாசி

புளி போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டு எடுத்துப் பாருங்கள். பளிச்சென்று தெரியும்.

ஸ்டூடியோக்காரன், ஹட்டன்

ஐயோ தம்பி, புளி, தேசிக்காய், சாம்பல் எதுவும் வேண்டாம்! அந்தக் கபில நிறம் வரப் பல வருடம் ஆகியிருக்கும். தேய்த்துவிட்டால் திரும்ப வராது, காசு சேர்ப்பவர்களும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். மிச்சமிருக்கிற எழுத்தும் போய்விடும். (அது தென்னையும் இல்லை, தாளிப்பனை.)

முதலில் மேக்ரோவை விடு. பல போன்களில் அதற்கென்று இருக்கிற லென்ஸ் சும்மா பெயருக்குத்தான். சாதாரண கேமராவில் 2x வைத்து, போனை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கு. காசு சின்னதாகத் தெரியும், தெரியட்டும். பிறகு வெட்டிக்கொள்ளலாம். நிழல் பிரச்சினை அதோடு தீர்ந்தது. இரண்டு பால்மா டின்னுக்கு நடுவில் போனைப் பாலம் மாதிரி வைத்து, 3 வினாடி டைமர் போடு. கை படும்போது ஆடுகிற ஆட்டம் இருக்காது.

இனி வெளிச்சம். இரண்டு காசுக்கும் ஒரே வெளிச்சம் சரிவராது. தேய்ந்த சதத்துக்கு அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு டோர்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து அடி. வெளிச்சம் காசின் முகத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். மயிரிழை மேடு இருந்தாலும் நிழல் விழும், அந்த நிழலைத்தான் நாம் வாசிக்கிறோம். ஆனால் வெளிச்சம் போகிற திசையிலேயே கிடக்கிற கோடு நிழல் போடாது. அதனால் டோர்ச்சை அசைக்காமல் காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒரு சுற்றுக்கு எட்டுப் படம் எடு. ஒன்றில் இல்லாத கோடு இன்னொன்றில் வரும்.

பண்டாரவளை அக்கா

மினுங்குகிற காசுக்கு என் வழி: வெள்ளை யோகட் கப் ஒன்றின் அடியை வெட்டி, கழுவித் துடைத்து, காசைச் சுற்றி நிறுத்துங்கள். டோர்ச்சை வெளியிலிருந்து கப்பின் மேல் அடியுங்கள். வெளிச்சம் பரவி உள்ளே வரும், ராஜாவுக்கு முகம் திரும்பி வரும். வெசாக் கூட்டுக்கு ஒட்டுகிற வெள்ளை டிசூவை டோர்ச் வாயில் கட்டினாலும் சரி. பிறகு திரையில் காசை விரலால் அழுத்திப் பிடித்து போகஸைப் பூட்டிவிட்டு, அதே திரையில் வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். வெள்ளைத் தாளில் வைக்க வேண்டாம், படத்தில் காசு கறுப்பாக வரும். சாம்பல் நிறத் துணி நல்லது.

ஜன்னல் வெளிச்சத்தையும் மஞ்சள் பல்பையும் சேர்த்தால் எந்தப் போனும் நிறத்தைச் சரியாகப் பிடிக்காது. ஏதாவது ஒன்றுதான் இருக்க வேண்டும்.

லயத்துப் பிள்ளை

அக்கா, இங்கே பகல் முழுக்க மூடுபனி. அந்த வெளிச்சம் போதாதா?

பண்டாரவளை அக்கா

இரண்டு சதத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. தேய்ந்த சதத்துக்கு ஆகாது தம்பி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் இருந்தால் நிழல் எங்கே விழும்? அப்புறம், வெளியில் இருந்து வந்தவுடன் லென்ஸைத் துடைக்க மறக்காதீர்கள். நம்ம ஊர்க் குளிருக்கு அதில் ஆவி படிந்திருக்கும், தெரியாமல் போனைத் திட்டிக்கொண்டிருப்போம்.

லயத்துப் பிள்ளை

நேற்று ராத்திரி எடுத்தேன். யோகட் கப் வேலை செய்தது, இரண்டு சதம் முதல் தடவையே வந்துவிட்டது. ஒரு சதத்துக்கு மூன்று சுற்று ஆனது. அதற்குள் தம்பி டோர்ச்சைத் தட்டிவிட்டான், காசு கட்டிலுக்கு அடியில் போய்த் தேடி எடுத்தோம். ஐந்தாவது படத்தில் மூன்றாவது எழுத்தின் வயிறும் வளைந்த வாலும் தெரிகிறது, 9 மாதிரி இருக்கிறது. நான்காவது இன்னும் பிடிபடவில்லை. ஒரு மேடு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்டூடியோக்காரன், ஹட்டன்

இந்த ராணி சதம் 1870இலும் வந்தது. 9 என்றால் அது இல்லை, அதுவே பெரிய விஷயம். கடைசி எழுத்துக்கு டோர்ச்சை இன்னும் கீழே இறக்கு. மேசை உயரம் போதாவிட்டால் காசை ஒரு சோடா மூடியின் மேல் ஏற்றி வை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பார். மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே, சுருக்கிவிடும். டொக்கியுமென்டாக அனுப்பு.

லயத்துப் பிள்ளை

டொக்கியுமென்டாக அனுப்பினேன் அண்ணே. மாமா பதில் போட்டுவிட்டார்: "0 அல்லது 2. இன்னொரு பக்கத்திலிருந்து எடு." இன்றைக்கு ராத்திரி மறுபடியும் டோர்ச்.